வலக்கைக்காரி

நான் இடக்கைக்காரி. இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஐம்பத்திரண்டு வயது ஆக வேண்டியிருந்தது.

சோறு சாப்பிடுவது வலக்கை, எழுதுவது வலக்கை, திருநீறு வாங்குவது வலக்கை, விருந்தாளிக்குத் தேத்தண்ணி நீட்டுவதும் வலக்கை. இவ்வளவையும் அம்மா அகப்பைக் காம்பால் பழக்கினா. அகப்பைக்குத் தப்பியதை வகுப்பு ரீச்சரின் அடிமட்டம் பார்த்துக்கொண்டது. ஆனால் கத்தரிக்கோலைப் பிடிக்கும்போது மட்டும் என் கை யாருடைய பேச்சையும் கேட்கவில்லை. எங்கள் ஊரான நெளுக்குளத்தில் நான் சட்டை தைக்கத் தொடங்கிய நாளிலேயே தையல் மெஷினைச் சுவரைப் பார்க்க வைத்து, வாசலுக்கு ஒரு திரையும் போட்டுவிட்டேன். திரைக்குப் பின்னால் இடக்கையால் வெட்டுவேன், ஊசி பிடிப்பேன். முடித்த சட்டையை வெளியே வந்து வலக்கையால் கொடுப்பேன். ஊரில் பாதிப் பெண்களின் சாறிச் சட்டைகள் என் இடக்கையில் பிறந்தவைதான். அது ஒருத்திக்கும் தெரியாது.

என் கணவருக்குத் தெரியும். கலியாணம் முடித்த இரண்டாம் நாள் நான் தேங்காய் துருவுவதைக் குசினி வாசலில் நின்று பார்த்தவர், ஆக்களுக்கு முன்னால் கொஞ்சம் கவனம் என்று மட்டும் சொன்னார். வயல்காரர், அதிகம் பேசமாட்டார். அந்தக் கதை அன்றோடு முடிந்தது.

சிறுநீரகம் பழுதான கதையை நீட்டி முழக்க எனக்கு விருப்பமில்லை. எங்கள் பக்கத்தில் அது வராத தெருவே இல்லை. வாரத்தில் மூன்று நாள் மெஷினில் இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும், அதற்குக் கழுத்தில் ஒரு குழாயைப் போட்டார்கள். குழாயை மறைக்கக் கழுத்துப் பட்டி உயர்ந்த சட்டை நாலு தைத்தேன். அதைப் பார்த்து இரண்டு பேர், இது புதுப் பாணியா, எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். ஆனால் கழுத்துக் குழாயைக் கனகாலம் வைத்திருக்க முடியாது, கிருமி தொற்றும். கையில் இரத்தம் கொண்டுவரும் ஒரு நாடியையும் அதைத் திருப்பிக் கொண்டுபோகும் ஒரு நாளத்தையும் சேர்த்துத் தைத்துவிட்டால், நாளம் தடித்து, வருடக்கணக்கில் ஊசி தாங்கும். முன்பென்றால் அதற்குக் கொழும்புக்குப் போய்க் கிடக்க வேண்டும். இப்போது இரத்தக் குழாய்களுக்கென்றே படித்த ஒரு சத்திரசிகிச்சை டொக்டரும் அவருடைய ஆட்களும் குறித்த நாளில் எங்கள் பக்கமே வருகிறார்கள். தோலுக்கு அடியில் ஓடும் நாளத்தைப் படமாகக் காட்டும் ஸ்கான் மெஷின் ஒன்று, அதைப் பிடிக்கும் டொக்டர் அம்மா ஒருவர், எல்லாரையும் மேய்க்கும் தாதி ஒருத்தி. அந்தத் தாதியை எல்லாரும் மிஸி என்றுதான் கூப்பிட்டோம்.

மிஸி என்னைப் பற்றி எழுதிக்கொண்டே, எந்தக் கைப் பழக்கம் என்று கேட்டா.

நான் வாய் திறக்க முன்னம் என் கணவர், வலக்கைதான் என்றார். நானும் தலையாட்டினேன். எத்தனையோ வருடம் பழகிய பொய், பச்சைத் தண்ணீர் குடிப்பது போல இறங்கியது. மிஸி என் இடக்கையில் ஊதா மையால் ஓர் அம்புக்குறி கீறினா. அதன் பிறகுதான் காரணம் சொன்னா. ஒப்பரேசன் செய்த கையில் பாரம் தூக்கக் கூடாது. சிலருக்கு விரல் விறைக்கும், பிடி தளரும். அதனால்தான் வேலை செய்யாத கையாகப் பார்த்துச் செய்வதாம்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு உடுக்கவென்று ஊர்ப் பெண்கள் தந்த பதினொரு சட்டைத் துணிகள் வீட்டில் வெட்டாமல் கிடந்தன. அவற்றை வெட்ட வேண்டிய கையில்தான் அம்பு இருந்தது. இந்தக் கை போனால் என் தொழில் போச்சு. தொழில் போனால் நான் படுக்கையும் மருந்தும்தான். அப்படியிருந்தும் நான் இடக்கைக்காரி என்று நாலு பேருக்கு முன்னால் சொல்வதைவிடக் கையை விடுவது சுகம் போலத் தோன்றியது. இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்ட வேண்டும் போலிருக்கிறது.

பட்டியலில் நான் மூன்றாவது ஆள். முதலாவது ஆளுக்கு ஒப்பரேசன் முடிந்த பிறகு மிஸி அவசரமாக ஓடி வந்தா. சீருடையின் நெஞ்சுப் பொத்தான் அறுந்து, கையால் பொத்திப் பிடித்திருந்தா. அந்த ஆஸ்பத்திரியில் ஆயிரம் ஊசி இருக்கும், ஒரு பொத்தான் தைக்க ஒன்றும் இல்லை. என் கைப்பையில் எப்போதும் ஊசியும் நூலும் கிடக்கும். தொழில் புத்தி சும்மா விடுமா? வாங்கோ என்று அவவை நிற்க வைத்து, நாலு குத்தில் தைத்து, நூலைச் சுற்றி இறுக்கி, பல்லால் கடித்து அறுத்தேன். நிமிர்ந்தபோது அவா பொத்தானைப் பார்க்கவில்லை. ஊசி பிடித்திருந்த என் கையையும், அதில் கிடந்த ஊதா அம்பையும் பார்த்துக்கொண்டு நின்றா.

"அக்கா, நீங்கள் எந்தக் கையால தைக்கிறனீங்கள்?"

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்தார்.

"இந்தக் கையாலதான், மிஸி," என்றேன்.

ஏசப் போறா என்று நினைத்தேன். அவா நேரே போய் டொக்டரை அழைத்து வந்தா. அவர் ஒரு மெலிந்த பொடியன், என் மகன் என்றால் நம்பலாம். வெட்டுவது எது, கீரை அரிவது எது, வாளி தூக்குவது எது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இடக்கையைக் காட்டினேன். அவர் மிஸியின் பொத்தானை ஒரு தரம் பார்த்தார்.

"நல்ல காலம், அக்கா. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா உங்கட தொழில் கையில நான் கத்தி வைச்சிருப்பன்."

ஆனால் என் பொய் அவ்வளவு லேசில் விடவில்லை. வருடக்கணக்காக இரத்தம் எடுக்க வந்தவர்களுக்கெல்லாம் நான் வலக்கையைத்தான் நீட்டியிருந்தேன். கொடுப்பதென்றால் வலக்கைதானே கொடுக்கும். அந்தக் கை நாளங்கள் ஊசி ஏறி ஏறிக் கெட்டுக் கிடந்தன. டொக்டர் அம்மா பசை தடவி மணிக்கட்டில் ஸ்கானை ஓட்டினா. ஒன்றும் சரிவரவில்லை. மேலே ஏறினா, அதுவும் அடைப்பு. வலக்கையில் இல்லையென்றால் திரும்ப இடக்கைதான் என்று எனக்கு விளங்கியது. வற்றாப்பளை அம்மாளே, உன்னிடம் வருகிறவர்களின் சட்டைதான் தாயே என்று மனதுக்குள் கும்பிட்டேன். முழங்கை மடிப்பு தாண்டியதும் ஸ்கான் நின்றது. டொக்டர் குனிந்தார், மிஸி குனிந்தா. ஊசியே படாத நாளம் ஒன்று உள்ளே சும்மா ஓடிக்கொண்டிருந்தது. சந்தையில் நல்ல துணி அகப்பட்ட பெண்களைப் போல மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். மிஸி இடக்கை அம்பை ஸ்பிரிட்டால் தேய்த்துத் தேய்த்து அழித்தா.

ஒப்பரேசனுக்கு மயக்கவில்லை, கையை மட்டும் விறைக்கப் பண்ணினார்கள். பச்சைத் துணிக்கு இந்தப் பக்கம் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. நூல் என்ன நூல் என்று கேட்டேன். தலைமயிரைவிட மெல்லியது என்றார் டொக்டர். கட்டுத் தையலா, ஓட்டுத் தையலா என்றேன். ஒரே நூலில் சுற்றி வரும் ஓட்டுத் தையலாம். சட்டைக்குக் கை பொருத்துவதும் அப்படித்தான், சுருக்கம் விழாமல் சுற்றி வர வேண்டும் என்று சொன்னேன். தானும் அதற்குத்தான் படாத பாடு படுவதாகச் சொன்னார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

தையல் முடிந்ததும் மிஸி என் இடக்கை விரல்களை எடுத்து வலக்கையின் மேல் வைத்தா. தோலுக்கு அடியில் ஏதோ இரைந்தது. பூனையை மடியில் வைத்தால் இரையுமே, அப்படி. பிடித்துவிட்டது என்று அவா சொன்னபோது நான் அழுதேன். சந்தோசத்தில் அழுவது எனக்குப் பழக்கமில்லாததால் மூக்குத்தான் அதிகம் ஒழுகியது.

நாளம் தடிக்க இரண்டு மாதம் அளவில் ஆகும், இரைச்சல் நிற்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும் என்றார்கள். அந்த வேலையை என் கணவர் எடுத்துக்கொண்டார். இருபத்தாறு வருடத்தில் தெருவில் ஒரு நாளும் என் கையைப் பிடிக்காத மனிதர், இப்போது ஓமந்தை பஸ்ஸில் எல்லாருக்கும் முன்னால் கையைப் பிடித்துக் காதில் வைத்து, ஓம், இரையுது என்பார். வெட்கமாக இருக்கும். வேண்டாம் என்று மட்டும் நான் சொல்லவில்லை.

இடக்கைக்கென்றே செய்த கத்தரிக்கோல் இருக்கிறதென்று மிஸி சொல்லியிருந்தா. தங்கள் ஒப்பரேசன் தியேட்டரிலும் ஒருவருக்கு அப்படி இருக்கிறதாம். என் கணவர் தேடாத கடையில்லை, கடைசியில் எங்கிருந்தோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். அதைக் கொண்டு வெட்டிய முதல் துணி கோணலாகப் போனது. முப்பது வருடம் பிழையான கத்தரிக்கோலுக்கு வளைந்த கை, சரியானதை ஏற்குமா? கோணிய துணி அவர் போடும் சேட்டுக்கு வாங்கிய துணிதான். ஒரு கிழமையில் கை பழகிவிட்டது. பதினொரு சட்டையும் பொங்கலுக்கு முன்னமே போய்ச் சேர்ந்தன. திரையைக் கழற்றித் துவைத்து ஜன்னலுக்குப் போட்டேன். மெஷின் இப்போது தெருவைப் பார்க்கிறது.

புதுக் கையில் முதல் முதலாக ஊசி ஏற்றும் நாள் வந்தது. டயலிசிஸ் அறையில் எட்டுக் கட்டிலிலும் ஆட்கள். என்னைத் தெரியாத புதுத் தாதி ஒருத்தி படிவத்தோடு வந்து, எந்தக் கைப் பழக்கம் என்று கேட்டா.

நான் வாய் திறக்க முன்னம் என் கணவர் எழும்பி நின்றார்.

"இடக்கை, மிஸி. என்ர மனுசி இடக்கைக்காரி," என்றார். வயலின் அடுத்த வரம்பில் நிற்பவரைக் கூப்பிடும் குரலில் சொன்னார். எட்டுக் கட்டிலும் திரும்பிப் பார்த்தது.

அந்தச் சொல்லை என்னைப் பற்றி ஒருவர் சத்தமாகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தரம். தாதி எழுதிக்கொண்டு, சரி அம்மா, கையைத் தாங்கோ என்றா. நான் இரையும் வலக்கையை நீட்டினேன்.