பழைய பாட்டிலில் இருந்த பல்லேடியம்

எங்கள் ஆய்வகத்துக் குளிர்பெட்டியில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், காப்பிக் கோப்பைகளைக் கழுவ இந்த வாரம் யார் முறை என்று. நான் நெதர்லாந்துக்கு வந்த முதல் வாரம் பேராசிரியரின் முறை. கரிம வேதியியலில் பெயர் பெற்ற மனிதர் கையில் சோப்பு நுரையோடு நிற்பதைக் கண்டு பதறிப்போய், “சார், கொடுங்கள்” என்று கோப்பையைப் பிடுங்கினேன். அவர் அதைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார். “உன் முறை அடுத்த வாரம். என் பெயர் ஹென்க்.” சென்னை ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கம் வளர்ந்த எனக்கு வாத்தியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு எழ மூன்று மாதமானது.

ஹென்க் பால் பண்ணைக்காரரின் மகன். அவர் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படியேறிய முதல் ஆள். உலோகத்தின் உதவியே இல்லாமல் இரண்டு மூலக்கூறுகளை இணைக்கலாம் என்று இளவயதில் அவர் எழுதிய கட்டுரைதான் அவருக்குப் பேராசிரியர் நாற்காலியைத் தந்தது. அந்த வினையை விரிவாக்குவதே என் வேலை. அலமாரியில் ஒரு பழைய பாட்டிலில் இருந்த ரசாயன உப்பைப் போட்டால் வினை நடந்தது. அது தீர்ந்து புது பாட்டிலைத் திறந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பழைய பாட்டிலின் அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிச் சோதனைக்கு அனுப்பினேன். கண்ணுக்குத் தெரியாத அளவில் பல்லேடியம் கலந்திருப்பதாக முடிவு வந்தது. அத்தனை வருடமும் வேலை செய்தது அந்த உலோகம்தான்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? நம் ஊர் வழக்கப்படி சுற்றி வளைத்து, “என் கையில்தான் ஏதோ கோளாறு போலிருக்கிறது” என்றேன். ஹென்க் அக்கறையோடு தலையசைத்தார். “அப்படியானால் மார்டினிடம் பழகிக்கொள்.” அடுத்த இரண்டு வாரம், என்னைவிட எட்டு வயது இளையவனான ஆய்வக மாணவன் மார்டின் எனக்குக் குடுவை கழுவக் கற்றுக்கொடுத்தான்.

மணலியில் ஒரு ரசாயன ஆலையில் ஆபரேட்டராக இருக்கும் அண்ணன் சேவியருக்கு போன் செய்து அழுதேன்.

“இன்னாமே, இதுக்கா அயுதுகினு கீற? வால்வுல லீக்குன்னா லீக்குன்னு சொல்லணும். ஆபீசரு இன்னா நெனப்பாருன்னு வாய மூடிகினு இருந்தா அல்லாரும் காலி. போய் சொல்லு. மிச்சத்த அப்பால பாத்துக்கலாம்.”

மறுநாள் காலை அவர் அறைக்குப் போய், “ஹென்க், உங்கள் கட்டுரை தப்பு” என்றேன். அவர் சோதனை முடிவை இரண்டு முறை படித்தார். வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தார். ஒன்பது நாள் அவரே தன் கையால் அந்த வினையைச் செய்து பார்த்தார். பத்தாம் நாள் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழுக்கு எழுதிவிட்டு, எல்லோருக்கும் கேக் வாங்கிவந்தார். அங்கே நல்ல சேதி உள்ளவர்தான் கேக் வாங்க வேண்டும். “முப்பது வருடமாக எனக்குத் தெரியாத ஒன்று இப்போது தெரிந்துவிட்டது” என்றார். அந்த வருடம் அவருக்கு வரவேண்டிய ஆய்வு நிறுவனத் தலைவர் பொறுப்பு இன்னொருவருக்குப் போனது. அதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் அவர் பேசியதில்லை. என் ஒப்பந்தத்தை நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவரும் அவரேதான்.

போன வருடம் ஹென்க் ஓய்வுபெற்றார். கறுப்பு அங்கியும் தட்டைத் தொப்பியும் அணிந்து ஆற்றிய பிரியாவிடை உரையில், தன் பணிவாழ்வின் சிறந்த ஒன்பது நாட்கள் என்று அந்த ஒன்பது நாட்களைச் சொன்னார். நான் மூன்றாவது வரிசையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

இந்த ஜனவரியில் சென்னைக் கல்லூரி ஒன்றில் பேச வந்த ஹென்க்கையும் கூட வந்த என்னையும் அண்ணன் மணலிக்கு அழைத்துப்போனான். சாலையோர டீக்கடையில் நின்றோம். டேங்கர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. “சார், இது இன்னா வாசன, சொல்லுங்க பாப்போம்?” என்றான் அண்ணன். ஹென்க் மூக்கை உயர்த்தி, “கந்தகச் சேர்மம்” என்றார். “கரீட்டு! காத்து திரும்புச்சுனா அம்மோனியா வரும், இருங்க.” அரை மணி நேரம் இருவரும் வாசனைகளுக்குப் பெயர் சொல்லி விளையாடினார்கள். நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். “எங்கள் ஊரில் ராத்திரி ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் படுப்போம்” என்று ஹென்க்கிடம் டச்சில் சொன்னேன். அண்ணன் பக்கம் திரும்பி, “எங்க ஊர்ல இப்படி நாத்தம் வந்தா உடனே போன் பண்ணி புகார் சொல்லிடுவாங்க” என்றேன்.

அண்ணன் சிரித்தான். “எது உங்க ஊரு? அது அவரு ஊருமே!”

என்ன சொல்கிறார் என்று ஹென்க் கேட்டார். சொன்னேன். “ஆனால் இப்போதுதானே இதை உங்கள் ஊர் என்றாய்?” என்றார் அவர், நிஜமாகவே குழம்பி.

இரண்டு ஊரையும் ‘எங்கள் ஊர்’ என்றிருந்தேன். அது அப்போது அப்படியொன்றும் கஷ்டமாகவும் இல்லை. டீக்கடைக்காரரிடம் திரும்பி இன்னும் மூன்று டீ கேட்டேன். “நோஹ் ட்ரீ” என்று வாயில் வந்தது டச்சு என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அவருக்கு அது இங்கிலீஷாகக் கேட்டிருக்க வேண்டும். “த்ரீயா? தோ, ஆச்சும்மா” என்று மூன்று கிளாஸை எடுத்து வைத்தார்.