தயிரை வாசலில் நிறுத்திய நாட்கள்

எங்கள் வீட்டில் தயிர் கடையில் வாங்கியதில்லை. இந்தக் குளிர் தேசத்தில், மோர்னிங்சைடில் இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் என் மனைவிதான் உறைய வைப்பாள். பனிக்காலத்தில் பால் உறையாது என்று ‘அவன்’ அடுப்புக்குள் லைற்றை மட்டும் போட்டுவிட்டு, சட்டியை உள்ளே வைத்து, சுவாமி அறைக்குப் போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் படுப்பாள்.

தயிரில் நல்ல கிருமிகள் இருக்கின்றன, அவை குடலில் இருந்துகொண்டு நோய் வராமல் உடம்புக்குத் துணை நிற்கும் என்று மகள் படித்துச் சொன்னபோது அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. “பாத்தியளே, நான் இவ்வளவு காலமும் உங்களுக்கு மருந்தெல்லோ தந்திருக்கிறன்” என்றாள்.

பிறகு அவளுக்குப் புற்றுநோய் வந்தது. கீமோ தொடங்கிய அன்று நர்ஸ் ஒரு தாளைத் தந்தார். சாப்பிடக்கூடாதவற்றில் வீட்டுத் தயிரும் இருந்தது. மகள் வாசித்துச் சொன்னதும் இவளுக்குக் கோபம்.

“நல்ல கிருமி எண்டு நீதானே சொன்னனி? இப்ப எனக்கு மட்டும் என்னெண்டு கூடாமப் போச்சு?”

“நல்லதுதான் அம்மா. ஆனா இந்த மருந்து உங்கட உடம்பின்ர காவலையும் குறைச்சுப் போடும். அந்த நேரம் நல்லதையும் உள்ளுக்கை விடப் பயப்பிடினம். ரத்தத்திலை வெள்ளை அணுக்கள் கூடினாப் பிறகு சாப்பிடலாம்.”

தடிமன், இருமல் என்று பயந்து அப்போது வீட்டுக்கு ஒருவரையும் விடுவதில்லை. “அப்ப தயிரும் ஒரு விருந்தாளிதான். வாசல்லை நிக்கட்டும்” என்று சிரித்தாள். ஆனால் மருந்தால் வாயெல்லாம் புண்ணாகி வேறு எதுவும் இறங்காதபோது, அவள் கேட்டது தயிரும் சோறும்தான். நான் மறுத்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் ஐயர் தயிர்ச்சாதம் தந்தார். வீட்டுக்குக் கொண்டுபோனால் அவள் கேட்பாள். சுவாமிக்குப் படைத்ததை எறியவும் மனம் வரவில்லை. காருக்குள் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனேன்.

“இண்டைக்கு என்ன பிரசாதம்?”

“கடலை.”

அவள் கையை நீட்டி என் மீசையிலிருந்து எதையோ எடுத்தாள்.

“கடலைக்குள்ளை ஆரப்பா தயிர்ச்சோறு போட்டது?”

சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “சுவாமின்ர சாப்பாட்டிலை பொய் சொல்லாதேங்கோ. உனக்குக் கூடாது எண்டு சொல்லுங்கோ, கேப்பன்” என்றாள். “அணுக்கள் கூடின உடனை நானே உமக்கு உறைய வைச்சுத் தாறன்” என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன். அதன் பிறகு ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையிலும் அவள் முதலில் கேட்டது தன் புற்றுநோய் வருத்தத்தைப் பற்றியல்ல. “தயிர் சாப்பிடலாமோ?”

கடைசியில் ஒரு நாள் மகள் எனக்குப் போன் எடுத்துச் சொன்னாள். அணுக்கள் கூடிவிட்டன, கொஞ்சம் கொடுக்கலாமாம். அன்று பின்னேரமே பால் காய்ச்சி, ஆறவிட்டு, உறை விட்டேன். சட்டியை ‘அவன்’ அடுப்புக்குள் வைத்துவிட்டு அவளைப் போலவே போய்க் கும்பிட்டேன்.

விடிய எழும்பிப் பார்த்தேன். தயிர் கத்தியால் வெட்டலாம் போல உறைந்திருந்தது. அவளை எழுப்பப் போனால் உடம்பு கொதிக்கிறது. காய்ச்சல் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவளுக்குக் கோட்டைப் போட்டு வாசலுக்குக் கொண்டுவந்தேன். அவள் தயிர்ச் சட்டி இருந்த குசினிப் பக்கம் திரும்பினாள்.

“உறைஞ்சுதோ?”

“ஓம். நல்லா உறைஞ்சிருக்கு.”

“மூடி வையுங்கோ. வந்து சாப்பிடுறன்.”

வரவில்லை. ஆஸ்பத்திரியில் பதினோராம் நாள் போய்விட்டாள். முப்பத்தோராம் நாள் படையலில் நான் புதிதாய் உறைய வைத்த தயிரை வைத்தேன். அவள் ருசி பார்க்காத என் கைத்தயிர்.

“அப்பா, தயிர் சாப்பிடுங்கோ, உடம்புக்கு எதிர்ப்புச் சக்தி வேணும்” என்று மகள் சொல்கிறாள். சாப்பிடுகிறேன். வெள்ளிக்கிழமைகளில் ஐயர் தயிர்ச்சாதம் நீட்டினால் இரண்டு கையாலும் வாங்குகிறேன். காருக்குள் சாப்பிடுவதில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, அவள் படத்துக்கு முன்னால் வைத்து, இன்றைக்குத் தயிர்ச்சாதம் என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுகிறேன். சாப்பிட்ட பிறகு மீசையைத் துடைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கிறேன்.