மாட்டேன் என்ற மருமகள்

தலைக்கு மேல் விமானம் போனால் அண்ணாந்து பார்க்காதவர் யார்? ஆனால் அதன் எஞ்சினுக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவிய பெண் இந்தத் தெருவில் ஒருத்திதான், வேன் முதலாளியம்மாவின் மருமகள். அடித்துச் சொல்லலாம், பக்கத்துப் பத்துத் தெருவிலும் இன்னொருத்தி கிடையாது.

பேச்சு மட்டும் அவளுக்கு வராது. ஸ்கூட்டர் பட்டறைக்காரர் மகள். நட்டும் போல்ட்டும் சொன்னபடி கேட்கும் கை, அதற்குத் துணையில்லாத வாய். மாமியார் வைத்த பட்டப்பெயர் வாயில்லாப்பூச்சி. மாமியாரோ நேர்மாறு. மூணாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர், வாயையே மூலதனமாக வைத்து இரண்டு வேன் வாங்கியவர். பட்டம் வாங்கிய பிள்ளைகள் அவரிடம் கைகட்டிச் சம்பளம் வாங்கினார்கள். சும்மா வருமா அது?

மருமகள் விமான எஞ்சின் கூடத்தில் பயிற்சிக்குச் சேர்ந்து வருஷங்கள் ஓடின. அந்தக் கூடத்தில் நம் வீட்டு அடுப்படியைவிடத் தரை சுத்தம். ஒவ்வொரு ஸ்பேனருக்கும் சுவரில் அதன் உருவம் வரைந்து இடம் ஒதுக்கியிருக்கும். ஒன்று குறைந்தாலும் அது அகப்படும்வரை யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. எழுத்துத் தேர்வுகளை அவள் ஊதித் தள்ளினாள். மிச்சம் நேர்முகத் தேர்வு. அதில் தேறினால்தான் எஞ்சினைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் உரிமை. அந்தக் கையெழுத்து விழாமல் விமானம் ஓர் அடி நகராது.

அங்கேதான் முதல் முறை கவிழ்ந்தாள். தேர்வு வைத்த நரைமீசைக்காரர் எஞ்சின் விசிறியின் பிளேடு ஒன்றை நீட்டினார். அடிப்பக்கத்தில் சின்ன வெட்டு. அளந்தாள். அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது.

"பயணிங்க எல்லாரும் ஏறி உக்காந்தாச்சும்மா. கீறல்தானே, போகலாமில்ல?" என்றார் அவர், வெளியே நிஜமாகவே விமானம் காத்திருப்பதுபோல்.

வயசில் பெரியவர் கேட்கிறார். எதிர்த்துப் பேசி வளர்ந்த வாயா அது? "சரிங்க சார்" என்றுவிட்டாள்.

அவர் பேனாவை மூடினார். "தெரியாம சொல்லியிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன். தெரிஞ்சும் தலையாட்டுற பாரு, அதுக்குத்தான் ஃபெயில்."

இன்னும் ஒரே வாய்ப்புதான். அதுவும் போனால் தேறிய தாள்கள் அத்தனையும் காலாவதி, மறுபடி அ, ஆவிலிருந்து தொடங்க வேண்டும்.

"ஏண்டி, முடியாதுன்னு சொன்னா வாய் சுளுக்கிக்குமா?" என்று மாமியார் பிடித்துக்கொண்டார். "என்கிட்ட சொல்லிப் பழகு."

"சரிங்க அத்தை."

"பாரு, இதுக்கும் சரிங்கிறா!"

தேர்வுக்கு முந்தின வாரம் ஒரு காலை. தொழிற்சாலை ஆட்களை ஏற்றிவர மாமியாரின் வேன் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓட்டுவது அவர் மகன், இவள் புருஷன். சாப்பாட்டுப் பையோடு வெளியே வந்தவள் பின்சக்கரத்தின் உள்பக்கம் ஈரத்தைப் பார்த்தாள். தொட்டாள், மோந்தாள்.

"அத்தை, பிரேக் ஆயில் கசியுது."

"சாயங்காலம் பாத்துக்கலாம். அங்க ஆளுங்க காத்துக்கிட்டு நிக்கிறாங்க."

மருமகள் ஜன்னல் வழியே கையை விட்டுச் சாவியை உருவிவிட்டாள்.

"டேய், உன் பொண்டாட்டி சாவியப் புடுங்குறாடா, வாங்குடா!"

"எங்கேம்மா வாங்குறது? பிடி உடும்புப்பிடியா இருக்கு."

"குடுடி."

"மாட்டேன் அத்தை."

எதிர்வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் பிரஷை வாயிலேயே நிறுத்திவிட்டார்.

"என்னடி சொன்ன?"

"திட்டுங்க அத்தை. எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. சரி பண்ணாம வண்டி கிளம்பாது."

மாமியார் குறை வைக்கவில்லை. தெரு அதுவரை கேட்டறியாத வசவெல்லாம் அன்று வெளியே வந்தது. மருமகளின் கண் கலங்கியது, கை மட்டும் திறக்கவில்லை. அன்றைய சவாரி எதிரிக் கம்பெனிக்குப் போனது. சக்கரத்தைக் கழற்றியபோது உள்ளே ஆயிலைக் கசியவிடாமல் அடைக்கும் ரப்பர் கிழிந்து தொங்கியது. மாமியார் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன்பின் மருமகளோடு பேச்சே இல்லை. ஒரு வீட்டில் வாயில்லாப்பூச்சிகள் இரண்டாயின.

தேர்வு நாளில் அதே நரைமீசைக்காரர். நிறுத்திவைத்த எஞ்சினில் ஒரு போல்ட்டைக் காட்டினார். அதிர்வில் போல்ட் தானாகக் கழலாமல் இருக்க மெல்லிய கம்பியை முறுக்கிக் கட்டுவது வழக்கம். கட்டு போல்ட்டை இறுக்கும் பக்கம் இழுக்க வேண்டும். இது கழற்றும் பக்கம் இழுத்தது. அவள் அதைச் சொன்னாள்.

"மாத்திக் கட்ட நேரமில்ல. மேலிடத்துலேர்ந்து போன் மேல போன் வருது. கையெழுத்துப் போடும்மா, நான் பொறுப்பு."

"சரிங்க" தொண்டைவரை வந்தது. உள்ளங்கையில் வேன் சாவி அழுத்திய இடம் நினைவுக்கு வந்தது.

"மாட்டேன் சார்."

"நான் உன் மேலதிகாரி."

"திட்டுங்க சார். எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. மாத்திக் கட்டாம கிளம்பாது."

நரைமீசை லேசாக அசைந்தது. "போன தடவை இந்த வாய எங்கேம்மா வெச்சிருந்த?"

"வீட்டுல சார். மாமியார்கிட்ட இருந்துச்சு."

தேறிவிட்டாள். மாமியாருக்குச் சேதி எட்டியதும் தெருமுனைவரை கேட்டது அவர் குரல்: "என்கிட்ட வாங்கின திட்டுக்குப் பலன் கெடைக்காம போகுமா?" அதுவும் பொய்யில்லை.

மறுநாள் காலை வேன் தயாராக நின்றது. மகன் சாவியில் கை வைத்தான்.

"இருடா," என்று அதட்டிய மாமியார் வீட்டுப் பக்கம் திரும்பினார். "ஏய், வாயில்லாப்பூச்சி! இங்க வந்து பாத்துட்டுப் போ. கிளம்பலாமா, கூடாதா?"

மருமகள் ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்தாள். நாலு சக்கரத்தையும் குனிந்து பார்த்தாள். அவள் நிமிரும்வரை மாமியார் வாயைத் திறக்கவில்லை.

"கிளம்பலாம் அத்தை."

வேன் கிளம்பியது.