ஐந்நூறாவது நாள்

திருவொற்றியூரில் அந்த கன்டெய்னர் யார்டின் வாசலில் ஒரு பலகை இருக்கிறது. 'விபத்தில்லா நாட்கள்' என்று எழுதி, கீழே மூன்று ஆணி. தினமும் காலையில் தகர எண்களை அந்த ஆணிகளில் மாட்டுவது பாதுகாப்பு அதிகாரி நோயலின் வேலை. வேறு யாரையும் தொடவிட மாட்டான்.

ராயபுரத்துப் பிள்ளை. சின்ன வயதிலிருந்தே ஒரு சபாஷ் கிடைத்தால் அவனுக்குச் சோறுகூட வேண்டாம். கரும்பலகையைத் துடைத்தது யார், மாதா கோயில் திருவிழாவுக்குத் தோரணம் கட்டியது யார் என்று கேட்டு முடிப்பதற்குள் "நான்தான் சார்" என்று கை தூக்கிவிடுவான். ஐந்நூறு நாளைத் தொட்டால் தலைமை அதிகாரி கையால் விருது, மேலாளர் பதவி என்றார்கள். கேட்க வேண்டுமா?

பலகையில் முந்நூற்று எழுபத்தொன்று தொங்கிய அன்று, கன்டெய்னர் கதவில் சிக்கி ஜெயவேலின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. ஜெயவேல் அங்கே ஒப்பந்தத் தொழிலாளி. நோயலுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து தோஸ்து. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே, ரத்தம் ஊறிய துணியைப் பிடித்துக்கொண்டு நோயல் கெஞ்சினான்.

"பைக் செயின தொடைச்சிகினு இருந்தப்ப மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடு மாமு. என் பொழப்பே இதுலதான் கீது."

ஜெயவேல் அப்படியே சொன்னான். யார்டில் நடக்காத விபத்துக்கு நிவாரணம் ஏது? விரலில்லாதவன் வேண்டாமென்று ஒப்பந்தக்காரர் அவனை நிறுத்திவிட்டார். நோயலோ மறுநாளே முந்நூற்று எழுபத்திரண்டை மாட்டினான். அந்தத் தகரத்தைத் தொடும்போதெல்லாம் ரத்தம் ஊறிய அந்தத் துணி கண்ணில் நின்றது. ஆனாலும் மாட்டினான்.

ஐந்நூறுக்கு முந்தின நாள் மாலை கேரம் கிளப்புக்குப் போனான். அங்கே ஜெயவேல் இடது கையால் ஸ்ட்ரைக்கரைச் சுண்டிப் பழகிக்கொண்டிருந்தான். ஒரு காலத்தில் அவனுக்கு எதிரே உட்காரவே ராயபுரத்தில் பயப்படுவார்கள். இப்போது குழி ஒரு பக்கம், காய் ஒரு பக்கம்.

"நாளிக்கு விருதாமே," என்றான், கேரம் பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நல்லாருடா."

"உன்னாலதான் மாமு."

"நான் உனுக்கோசரம் பொய் சொன்னேன் நோயலு. நீ யாருக்கோசரம் சொல்லிகினு கீற?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். யாருக்காக? நாளைக்குப் பந்தலில் கைதட்டப்போகிற, அவன் பெயர்கூடச் சரியாகத் தெரியாத நாற்பது பேருக்காக. தன் தோஸ்தின் கையை விற்றுவிட்டோம் என்று வீடு வரைக்கும் மனசு அடித்துக்கொண்டது.

மறுநாள் வாசலில் பந்தல், பூமாலை, பொன்னாடை. தலைமை அதிகாரி காரிலிருந்து இறங்கிப் பலகையைப் பார்த்தார். நூற்று இருபத்தொன்பது.

"யார் இதை மாத்தினது?"

"நான்தான் சார்." நோயல் கையைத் தூக்கினான். "ஜெயவேலு விரல் போனது நம்ம யார்டு கதவுல. பைக் செயின்னு பொய் சொல்ல வெச்சதும் நான்தான். அன்னிலேர்ந்து எண்ணினா இவ்ளோதான் சார்."

யாரும் கைதட்டவில்லை. நோயல் கையை இறக்கவும் இல்லை.