பிக்கப்புக்கு அடியில்

கோழி எரு இரும்பைத் தின்னும் என்பது எங்கள் வண்டி உடைந்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நாமக்கல்லைச் சுற்றியுள்ள பண்ணைகளில் எருவை வாரி, மஞ்சள் காட்டுக்கும் குச்சிக்கிழங்குக் காட்டுக்கும் கொண்டுபோய்க் கொட்டுவதுதான் எங்கள் பிழைப்பு. இருப்பது ஒரே ஒரு பிக்கப் வண்டி. என் கணவர் அதற்கு முன்பு லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்தவர். சொந்தத் தொழில் ஆசையில் பட்டறையை விட்டு வந்தார்.

போன வருடம் எரு மூட்டையோடு வண்டியிலிருந்து சறுக்கி விழுந்து அவருக்கு முதுகில் அடிபட்டுவிட்டது. ஆபரேஷன் ஆகி மாதக்கணக்கில் படுக்கையிலேயே இருந்தார். பிறகு எழுந்து நடந்தார். ஆனால் குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, தரையில் படுத்துப் புரண்டு எந்த வேலையும் செய்யக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வண்டிக்கு டிரைவர் வைத்தோம். நான் வீட்டில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டால் பதில் சொல்வார், அவ்வளவுதான். முதுகைவிட அந்த மௌனம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு மத்தியானம் டிரைவர் வண்டியை ஆமை வேகத்தில் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். பின்பக்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மெக்கானிக்கை வரச் சொன்னோம். அவர் அடியில் புகுந்து ஸ்க்ரூ டிரைவரால் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸைக் குத்தினார். அது உள்ளே போய்விட்டது.

"முறுக்கு ஒடையறாட்ட ஒடையுதுங்க. எரு ஏத்துன வண்டியெல்லாம் இப்படித்தான் போவும். பேசாம காயலாங்கடைக்குத் தாட்டி உட்ருங்க" என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் நான் காப்பியோடு வெளியே வந்தபோது, என் கணவர் வண்டியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனியப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"ஏனுங்க, என்ன பண்றீங்க! ஆஸ்பத்திரியில மறுக்காப் படுக்கோணுமா?"

"அடியில என்னாச்சுன்னு பாக்கறக்குக் கூடவா ஆவாது?"

அவர் குரல் உடைந்திருந்தது. நைட்டிக்கு மேல் அவருடைய பழைய சட்டையைப் போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டேன். "நான் பாத்துச் சொல்றனுங்க" என்று ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் நகர்ந்து போனேன்.

அதுவரை அந்த வண்டியின் அடிப்பக்கத்தை நான் பார்த்ததே இல்லை. எருவும் சேறும் ஏடு ஏடாகக் காய்ந்து ஒட்டியிருந்தன. நெடி மூக்கைத் துளைத்தது.

"என்ன தெரியுது?" வெளியிலிருந்து அவர் குரல் வந்தது. அவருடைய கால்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன.

"எல்லாம் செவப்பா இருக்குதுங்க."

"செவப்பாத்தான் இருக்கும். சுத்தியல எடுத்துத் தட்டு. சத்தத்தை நான் கேக்கறேன்."

தட்டினேன். முன்பக்கம் மணியடித்த மாதிரி கணீரென்று கேட்டது. "அது நல்ல எடம். பின்னால போ" என்றார். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடத்தில், சத்தம் செத்துப்போனது. இன்னொரு தட்டுத் தட்டியதும் துரு பாளமாகப் பெயர்ந்து என் முகத்தில் விழுந்தது. வாயெல்லாம் மண். நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

வெளியே ஒரு சத்தம். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். எத்தனை மாதமாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! துருவைத் துப்பிக்கொண்டே நானும் அடியில் படுத்தபடி சிரித்தேன்.

ரெண்டு பக்கமும் ஸ்பிரிங் மாட்டும் இடம்தான் போயிருந்தது. மற்றதெல்லாம் உறுதியாக இருந்தது. கெட்டதை வெட்டி எடுத்துவிட்டுப் புதுப் பிளேட் வைத்து வெல்டிங் அடித்தால் வண்டி ஓடும் என்றார். சொல்லும்போது முகத்தில் வெளிச்சம் இருந்தது. உடனே அது அணைந்தது.

"மல்லாக்கப் படுத்துட்டுத்தான் அடிக்கோணும். என்னால ஆவாது. உடு" என்று நாற்காலிக்குப் போய்விட்டார்.

அன்று முழுக்க எனக்குத் தையலில் மனம் ஓடவில்லை. சாயங்காலம் அவருக்குச் சோறு போடும்போதுதான் தோன்றியது. "ஏனுங்க, வண்டி தரையில இருக்கறதாலதான நீங்க படுக்கோணும்? வண்டியத் தூக்கி உங்க நெஞ்சு ஒசரத்துக்கு வெச்சுட்டா?"

சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. என்னையே பார்த்தார். பிறகு கையைக் கழுவிவிட்டுப் போனை எடுத்தார். பழைய பட்டறைக்காரர்களுக்குப் பேசினார். அடிபட்ட பிறகு அவர்கள் எத்தனையோ தரம் கூப்பிட்டும் இவர் போனை எடுத்ததில்லை. தன்னை இந்த நிலையில் அவர்கள் பார்க்கக் கூடாது என்று இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய பழைய கூட்டாளிகள் நாலைந்து பேர் வந்தார்கள். கனம் தூக்கும் செயின் பிளாக், வெல்டிங் மெஷின், லாரிக்கு முட்டுக் கொடுக்கும் இரும்புத் தாங்கிகள் எல்லாம் கொண்டுவந்தார்கள். துருப்பிடித்த போல்ட்டுகளை அறுத்து, எரு ஏற்றும் பின்பக்கத் தொட்டியைக் கழற்றி வாசலில் வைத்தார்கள். டீசல் டேங்கையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, வெறும் சட்டமாக நின்ற வண்டியின் பின்பக்கத்தைச் செயினில் மெல்ல மெல்ல மேலே ஏற்றித் தாங்கிகளில் உட்கார வைத்தார்கள். நான் அவர்களுக்கு நாட்டுக்கோழிக் குழம்பு வைத்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் ஒருவர், "மாப்ள, பொழுதோட நாங்களே அடிச்சு முடிச்சர்றோம். நீ உக்காந்து பாரு" என்றார்.

"இல்லடா. இது என்ற வண்டி. நானே அடிக்கறேன்."

அந்த நண்பர் எழுந்து வந்து, இவர் இடுப்பில் கட்டியிருந்த முதுகுப் பெல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கி மாட்டிவிட்டார். அவ்வளவுதான். மெஷினை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார்கள்.

அதன் பிறகு வேலை எங்கள் இருவருடையது. கொஞ்ச நேரம் நின்று அடிப்பார், வலித்தால் போய்ப் படுத்துக்கொள்வார். நான் அதற்குள் கம்பி பிரஷால் அடுத்த இடத்தைத் தேய்த்து வைப்பேன். ஓட்டை கையகலம் இருக்க, பிளேட்டை ஒரு முழத்துக்கு வெட்டினார். "எதுக்குங்க இத்தன நீளம்?" என்றேன். ஓட்டையைச் சுற்றி இருக்கும் இரும்பும் மெலிந்திருக்கும், நல்ல இரும்பு வரைக்கும் போய்ப் பிடித்தால்தான் நிற்கும் என்றார். நைந்த துணியில் ஒட்டுப் போடுவதும் அப்படித்தான். எனக்கு அது சட்டென்று புரிந்தது.

பிளேட்டைக் குறடால் பிடித்துக்கொள்வது என் வேலை. நெருப்புப் பொறியைப் பார்க்காதே, முகத்தைத் திருப்பிக்கொள் என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். ஆனால் அவர் கை எவ்வளவு நிதானமாக நகர்கிறது என்று பார்க்கும் ஆசையில் ஒருநாள் பார்த்துவிட்டேன். சாயங்காலம் கண்ணில் மணலைக் கொட்டிய மாதிரி ஆகிவிட்டது. திறக்கவே முடியவில்லை. தண்ணீராகக் கொட்டியது.

அவர்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கட்டிலில் படுக்க வைத்தார். ஃபிரிட்ஜிலிருந்து உருளைக்கிழங்கை எடுத்து வட்டமாக நறுக்கி என் இமைகளின் மேல் வைத்தார். சூடேறியதும் எடுத்துவிட்டு வேறு வைத்தார்.

"கண்ணத் தொறக்காத அம்மணி. காலைல செரியாப் போயிரும். பட்டறையில எனக்கு எத்தன தரம் ஆயிருக்குது."

பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் படுத்துக் கெடந்தப்ப, நீ எனக்குத் தொடச்சு உடறப்பெல்லாம் கண்ண மூடிக்குவேன். தூங்கறேன்னு நெனச்சிருப்ப. தூங்கல. உன்ற மூஞ்சியப் பாக்கறக்கு வெக்கமா இருந்துச்சு. இனி ஒன்னத்துக்கும் ஆவ மாட்டேன்னே நெனச்சுட்டேன்."

நான் எழப் பார்த்தேன். தோளை அழுத்திப் படுக்க வைத்தார். "அசங்காத. நீ கண்ண மூடியிருக்கறதாலதான் இதச் சொல்ல முடியுது."

நான் கையை நீட்டித் துழாவினேன். அவர் கை கிடைத்தது. நெருப்புப் பட்டுப் புள்ளி புள்ளியாகக் காய்த்துப்போன கை. கிழங்கின் ஈரம் எது, கண்ணீர் எது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. தெரிந்தும் கேட்காமல் இருந்திருக்கலாம்.

வேலை முடிந்து, மறுபடி துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடும் அதன் மேல் கறுப்புப் பெயின்ட்டும் அடித்தோம். பட்டறைக்காரர்கள் வந்து வண்டியை இறக்கித் தொட்டியை மாட்டிக் கொடுத்தார்கள். காயலாங்கடை என்று சொன்ன அதே மெக்கானிக் வந்து அடியில் பார்த்துவிட்டு, "அடடே, கெட்டியா இருக்குதுங்களே!" என்றார். வண்டி ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் எஃப்.சி.யும் கிடைத்தது. இப்போது எரு இறக்கியதும் டிரைவர் தண்ணீர் அடித்துக் கழுவாமல் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. அது இவருடைய கட்டளை.

முதுகு முழுதாகச் சரியாகிவிடவில்லை. மழை நாளில் எழவே சிரமப்படுகிறார். ஆனாலும் அந்த இரும்புத் தாங்கிகளை நண்பர்கள் திருப்பிக் கேட்கவில்லை, இவரும் கொடுக்கவில்லை. அவற்றின் மேல் வைத்து நின்றபடியே இரும்புக் கதவும் ஜன்னல் கிரில்லும் செய்து கொடுக்கிறார். இன்று ஒரு தொட்டில் சட்டம் வந்திருக்கிறது. நாளைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போட வேண்டிய ஜாக்கெட் என் மெஷினில் பாதியில் நிற்கிறது. வெளியிலிருந்து கூப்பிடுகிறார்.

"அம்மணி, இந்தச் சட்டத்தோட கோடியக் கொஞ்சம் புடிக்க வா."

"இதா வாரனுங்க" என்று எழுந்தேன்.