சோழவந்தான் ஆற்றங்கரையில் கை தள்ளப் பழகிய வாரம்

2006 ஜனவரியில், பொங்கல் கூட்டம் ஓய்ந்த கையோடு, ஒரு வாரம் மதுரைக்குப் போய் வந்தேன். கோயிலுக்காகப் போகவில்லை. என் கடைவாய்ப் பல் ஒன்று தூக்கத்தில் பிளந்துபோனதால் போனேன். பல் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "ராத்திரி பூரா பல்லைக் கடிக்கிறீங்க. பல்லை நான் சரிபண்ணிடுவேன். கடிக்கிறதை நீங்கதான் நிறுத்தணும்" என்றார்.

ஏன் கடிக்கிறேன் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன், தஞ்சாவூர்–திருச்சி ரோட்டில் செங்கிப்பட்டிக்குப் பக்கத்தில், என் தம்பி ரவியின் பைக்கை ஒரு லாரி இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. ரவி உடனே சாகவில்லை. கொஞ்ச நேரம் ரோட்டோரம் கிடந்திருக்கிறான். அந்த லாரி இன்றுவரை கிடைக்கவில்லை. அதன்பிறகு எந்த லாரி எதிரே வந்தாலும் என் கண் முதலில் நம்பர் பிளேட்டுக்குத்தான் போகும்.

கல்லூரி நாளிலிருந்து நான் கராத்தே பழகியவன். தஞ்சாவூரில் சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். ரவி போன பிறகு மூடிய கை திறக்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும். ஒரு மின்னஞ்சல் குழுவில் இதைப் பற்றி எழுதியபோது, மதுரையில் ஒருவர் தாய்ச்சி சொல்லித் தருகிறார், அதோடு சீனத் தாவோ வழித் தியானமும் உண்டு என்று ஒருவர் பதில் போட்டார். தாய்ச்சி சீனர்களின் சண்டைக் கலைதான். ஆனால் தசையின் பலத்தை நம்பாமல் மூச்சையும் நிதானத்தையும் நம்புவது. போய்த்தான் பார்ப்போமே என்று லீவு போட்டேன்.

தஞ்சாவூரிலிருந்து மதுரை மாட்டுத்தாவணிக்கு திருச்சி வழியாக நாலரை மணி நேரம் ஆனது. செங்கிப்பட்டி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். மாட்டுத்தாவணியிலிருந்து டவுன் பஸ் பிடித்து பெரியார் நிலையம் போய், டவுன்ஹால் ரோட்டில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். நாளுக்கு இருநூறு ரூபாய். ரொம்பச் சத்தம். ஜன்னல் உட்பக்கமாக இருக்கிற அறையாகக் கேட்டு வாங்குங்கள்.

சொல்லித் தருபவர் பெயர் பத்மாவதி. மஹால் அரண்மனைக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. சௌராஷ்டிரக் குடும்பம். மாடியில் இன்னும் பெரியப்பா வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் பிசியோதெரபிஸ்ட், என்னைவிட ஆறேழு வயது சின்னவர். சிங்கப்பூரில் ஆஸ்பத்திரி வேலையில் இருந்தபோது கூட வேலை பார்த்த சீனப் பெண்மணி ஒருவரிடம் கற்றுக்கொண்டாராம். உள்ளே அம்மாவிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ப்ளாக் பெல்ட்டா சார்? நல்லது. ஒரு வாரத்துக்கு அதைக் கழட்டி வச்சிடுங்க. இங்க முதல்ல நிக்கணும். அவ்வளவுதான்."

வகுப்பு அவர் வீட்டில் நடப்பதில்லை. காலை ஆறரைக்கு சோழவந்தானில், வைகைக் கரையில். மதுரையிலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர். பஸ்ஸில் முக்கால் மணி நேரம். பரவை, சமயநல்லூர் தாண்டி உள்ளே திரும்பினால் இரண்டு பக்கமும் தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலும். விடிகாலையில் அங்கே இறங்கும்போதே காற்றின் வாசம் மாறிவிடும்.

முதல் நாள் நின்றோம். முழங்கால் லேசாக மடக்கி, ஒரு மரத்தைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி இரண்டு கையையும் முன்னால் வளைத்து, அசையாமல். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். பத்து நிமிஷத்தில் என் தொடை நடுங்கியது, தோள் காது வரை ஏறிவிட்டது. "ஏத்தினது யாரு? நீங்கதானே? இறக்கிடுங்க" என்பார் பத்மாவதி. இறக்குவேன். அடுத்த நிமிஷம் மறுபடி ஏறியிருக்கும். நின்று முடித்ததும் மணலில் துண்டு விரித்து உட்கார்ந்து, தொப்புளுக்குக் கீழே மூன்று விரற்கடையில் கவனத்தை வைக்கவேண்டும். மூச்சைப் பிடிக்கக்கூடாது, தள்ளக்கூடாது. தானாக அங்கே இறங்கட்டும் என்று காத்திருக்கவேண்டும். என் மூச்சு நெஞ்சுக்குழியைத் தாண்டவில்லை.

இரண்டாம் நாள் ஜோடி சேர்த்தார். இருவர் எதிரெதிரே நின்று, மணிக்கட்டோடு மணிக்கட்டு வைத்து, வட்டமாகத் தள்ளிக்கொடுத்து வாங்கும் பயிற்சி. தள்ளும் கை என்று பெயர். எனக்கு அமைந்த ஜோடி ஒச்சப்பன். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். பரவை மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறார். இடுப்பு வலிக்காக பத்மாவதியிடம் வைத்தியத்துக்கு வந்தவர், அப்படியே இதிலும் சேர்ந்துவிட்டார். மூட்டை தூக்கிப் பழகிய அந்தக் கை இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நான் எங்கே தள்ளப்போகிறேன் என்று எனக்கு முன்னால் அதற்குத் தெரிந்திருந்தது. அன்று எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது.

மூன்றாம் நாள் வகுப்பு முடிந்து பஸ் ஸ்டாப் டீக்கடையில் நின்றோம்.

"ஏண்ணே, தஞ்சாவூர்ல இருந்து இம்புட்டு தூரம் வந்திருக்கீக. ஒடம்புக்கு ஏதாச்சுமா?" என்றார்.

மறைக்க ஒன்றுமில்லை. தம்பியைப் பற்றிச் சொன்னேன். ஒச்சப்பன் டீ கிளாஸைப் பலகையில் வைத்தார்.

"லாரியாண்ணே?"

"லாரிதான்."

"நிக்கலையா?"

"நிக்கலை."

ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "நானும் நிக்கலண்ணே" என்றார்.

முன்பு அவர் லாரி டிரைவர். மேலூர் தாண்டி ஒரு சைக்கிள்காரரை அடித்துவிட்டார். ஊர்க்காரர்கள் ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தது, மிதித்தே கொன்றுவிடுவார்கள் என்ற பயத்தில் வண்டியை விரட்டிவிட்டார். மறுநாள் காலையில் ஸ்டேஷனுக்குத் தானே போனார். கேஸ், ஜெயில் எல்லாம் முடிந்து வெளியே வந்தபின் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

"அந்த ஆளுக்கு அப்ப உயிர் இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"தெரியாதுண்ணே. திரும்பிப் பார்க்கல."

நான் அவரை அங்கேயே விட்டுவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.

லாட்ஜுக்குப் போகப் பிடிக்கவில்லை. ஆற்றுப் பாலத்தைத் தாண்டிக் கோரிப்பாளையம் வரை நடந்தேன். தர்காவுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் உட்கார்ந்தேன். "சாப்பிடலையா சார்? புரோட்டா சூடா இருக்கு" என்றார் கடைக்காரர். வேண்டாம் என்றேன். ஜங்ஷனில் லாரிகள் வந்து வந்து நின்றன. வழக்கம்போல நம்பரைப் படித்தேன். பிறகு, ஏனோ, மேலே பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒவ்வொன்றிலும் ஒரு மனிதன் உட்கார்ந்திருந்தான். இரண்டு வருடத்தில் அந்த முகங்களை நான் பார்த்ததேயில்லை.

அங்கிருந்த எஸ்டிடி பூத்திலிருந்து பத்மாவதிக்குப் போன் செய்து, தம்பியைப் பற்றியும் ஒச்சப்பன் சொன்னதையும் சொன்னேன். "தெரிஞ்சேதான் எங்க ரெண்டு பேரையும் சேர்த்தீங்களா?"

"உங்க தம்பி விஷயம் இப்பதான் சார் கேள்விப்படறேன். உயரம் ஒத்துச்சு, அதான் சேர்த்தேன்" என்றார். "நாளைக்கு வேற ஆளைப் போடட்டுமா?"

"காலையில சொல்றேன்."

காலையில் பையையும் எடுத்துக்கொண்டே சோழவந்தான் போனேன், பிடிக்கவில்லை என்றால் அப்படியே ஊருக்குக் கிளம்பிவிடலாம் என்று. ஒச்சப்பன் வந்திருந்தார். கொஞ்சம் தள்ளித் தனியாக நின்றார். பத்மாவதி என்னைப் பார்த்தார். நான் நேராகப் போய் ஒச்சப்பன் எதிரே நின்று கையை நீட்டினேன். நல்ல எண்ணத்தோடு நீட்டினேன் என்று சொல்லமாட்டேன்.

தள்ளினேன். அவர் மல்லாந்து மணலில் விழுந்தார். எழுந்து வந்து கை கொடுத்தார். மறுபடி தள்ளினேன். மறுபடி விழுந்தார். முந்தின நாள் என் பலமெல்லாம் எங்கே போகிறதென்றே தெரியாமல் கரைத்த மனிதர், இன்று வைக்கோல் கட்டு மாதிரி சாய்ந்தார்.

"அண்ணே, இடம் கொடுக்கிறது வேற, விழுறது வேற" என்றார் பத்மாவதி அவரிடம்.

அடுத்த முறை கல்லில் முழங்கை உரசி ரத்தம் வந்தது. அதைத் துடைக்கக்கூட இல்லை, கையை நீட்டிக்கொண்டு வந்தார். எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை.

"நில்லுங்கய்யா!" என்று கத்தினேன். "விழுந்து விழுந்து என்ன ஆகப்போகுது? நில்லுங்க! ஓடாம, விழாம, என் முன்னால நில்லுங்க!"

கரையில் துணி வெளுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன். ரவியைத் தூக்கிப்போனபோதுகூட அழாதவன். ஒச்சப்பன் நின்றார். கால் பதித்து, முழங்கால் மடக்கி, பயிற்சியில் சொன்ன மாதிரியே நின்றார்.

"இப்ப தள்ளாதீங்க சார்" என்றார் பத்மாவதி மெதுவாக. "அவர் எங்க நிக்கிறாருன்னு கையால கேளுங்க."

மணிக்கட்டை வைத்தேன். அவர் நாடி தடதடவென்று அடித்தது என் தோலில் தெரிந்தது. என்னுடையது அவருக்கும் தெரிந்திருக்கும். வட்டம் ஒன்று சுற்றி வந்தது, பிறகு இன்னொன்று. யாரும் விழவில்லை. அன்று உட்கார்ந்தபோது மூச்சு முதல்முறையாக வயிறு வரை இறங்கியது. ஒளியெல்லாம் தெரியவில்லை. மூச்சு இறங்கியது, அவ்வளவே. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மிச்ச நாட்களும் அவரோடுதான் பழகினேன். நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. கடைசி நாள் திரும்பும்போது, பரவையில் இறங்க எழுந்தவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அண்ணே, ஒங்க தம்பிய அடிச்சவன் ஒங்க வீட்டுக்கு வந்தா என்ன செய்வீக?"

பொய் சொல்ல முடியவில்லை. "கதவைத் திறப்பேனான்னு தெரியலை. அடிச்சாலும் அடிப்பேன். ஆனா அவன் வரணும்."

தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார்.

சித்திரை மாதம் அவரிடமிருந்து போன் வந்தது. மேலூர்ப் பக்கம் இறந்துபோன அந்த சைக்கிள்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார். "அவரு மக இருந்துச்சுண்ணே. இன்னாருன்னு சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்துச்சு. பெறகு ஒரு சொம்பு தண்ணி கொண்டாந்து வச்சுட்டு உள்ள போயிருச்சு. குடிச்சுட்டு வந்துட்டேன்." அவர் அழவில்லை.

என் தம்பியை அடித்தவனை நான் மன்னித்துவிட்டேனா என்று சிலர் மின்னஞ்சலில் கேட்டிருக்கிறீர்கள். தெரியவில்லை. தினமும் காலையில் நிற்கிறேன். கராத்தே வகுப்பும் நடக்கிறது, பிள்ளைகளை முதல் கால் மணி நேரம் சும்மா நிற்கவைக்கிறேன் என்று அவர்களுக்கு என் மேல் கோபம்.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர், ஜனவரிதான் சரியான காலம், கோடையில் மணல் சுடும். முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். வெறும் வயிற்றில் போங்கள், ஆனால் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி, இரத்த அழுத்தம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எதையும் உங்களால் முடிந்ததில் முக்கால் பங்கே செய்யச் சொல்வார்கள், அதற்கு மேல் வீம்புக்குச் செய்யாதீர்கள். ஒரு வாரத்தில் எதுவும் வந்துவிடாது, நிற்பது எப்படி என்பது மட்டும் புரியும். ஜோடியாக வருபவர் யார், எவர் என்று கேட்கவேண்டிய அவசியம் இல்லை. கேட்டுவிட்டீர்கள் என்றால், மறுநாள் காலையிலும் போய் அவர் எதிரே நில்லுங்கள்.