பக்கத்து வீட்டில் மட்டும் சுத்தமாயிருந்த நாய்

எழுபதுகளின் கடைசியில் உத்தமபாளையத்தில் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான். பக்கத்து வீட்டுக்காரர் என் அலுவலகத்திலேயே, எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர். குழாயில் தண்ணீர் அவர் வீட்டில்தான் முதலில் வரும். அதிகாரி சிரிப்பதும் அவரைப் பார்த்துத்தான். இதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்று வெளியில் சொல்லிக்கொள்வேன்.

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்த ஒரு தெரிந்தவர் வீட்டில் பொமரேனியன் குட்டி போட்டது. எங்களுக்கு ஓர் ஆண்குட்டி, பக்கத்து வீட்டுக்கு ஒரு பெண்குட்டி என்று ஒரே கூடையில் வந்து இறங்கின. எங்களுக்கு அப்போது குழந்தை பிறந்திருக்கவில்லை. என் மனைவி அதைத் தோளைவிட்டு இறக்கவே இல்லை.

எதையும் முறைப்படி செய்வது என் வழக்கம். கொல்லைப்புறச் சுவரோரம் ஒரு பழைய சாக்கை விரித்தேன். குட்டி தூங்கி எழுந்ததும், பால் குடித்ததும் தூக்கிப்போய் அதன்மேல் விடுவேன். ஒன்றுக்குப் போய் முடித்ததும் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கும், தடவிக்கொடுப்பேன். பக்கத்து வீட்டில் முறை என்று ஒன்றும் கிடையாது. மண்ணில் விட்டார்கள், அது போயிற்று. ஆனாலும் முதலில் பழகியது எங்களுடையதுதான். அலுவலகத்தில் பேச்சு எங்கே தொடங்கினாலும் அதை இதற்குக் கொண்டுவந்து சேர்த்தேன். சாக்கு மழையில் மக்கிப்போன பிறகும் நாய் தானே கதவைப் பிறாண்டி வெளியே போய்வந்தது.

முதல் போக அறுப்பு முடிந்ததும் மார்க்கையன்கோட்டையிலிருந்து மாமனார் வந்தார். எங்கள் வருஷச் சாப்பாட்டுக்கான நெல்லை மூட்டை மூட்டையாக முன்னறையில் அடுக்கினார். கிழிந்த சாக்கு ஒன்றை மனைவி சமையலறை வாசலில் கால்மிதியாகப் போட்டாள். அந்த வாரமே நாய் கெட்டுப்போனது. முதலில் கால்மிதி. பிறகு மூட்டையின் ஓரம். துடைத்துவிட்டுத் திரும்பினால் மறுபடியும் கால்மிதி.

மிரட்டினேன். செய்தித்தாளைச் சுருட்டித் தரையில் அடித்தேன். கால்நடை மருத்துவர் நீர்க்கடுப்பு என்று சொல்லிப் பார்லித் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். அதுவரை தப்பியிருந்த மூட்டைகளும் நனைந்தன.

மறுபடி வந்த மாமனார் மோந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மாப்ளே, இது திங்கிற நெல்லு. நாய வச்சுக்கிறீகளா, நெல்ல வச்சுக்கிறீகளா?"

"ரெண்டும் இருக்கட்டும்ப்பா," என்றாள் மனைவி.

"அப்ப சோத்துக்கு உப்புப் போடாத ஆத்தா. அதுதான் போட்டுருச்சே."

அடுத்த முறை வரும்போது நாய் இங்கே இருந்தால் மூட்டைகளை வண்டியில் திரும்ப ஏற்றிவிடுவேன் என்று சொல்லிப் போனார். சொன்னால் செய்கிறவர்.

சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டிருக்கும் போல. "அண்ணே, கொஞ்ச நாள் எங்க வீட்ல இருக்கட்டும். தங்கச்சியப் பாத்தாவது திருந்தும்," என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மனைவி அழுதுகொண்டே தூக்கிக் கொடுத்தாள். அவர் வீட்டுத் தரையை அது நாசமாக்கும் என்று நான் உறுதியாக நம்பினேன்.

அது சொட்டுக்கூட விடவில்லை. காலையில் அவர் பல் துலக்கியபடியே சுவரோரம் வருவார். "இன்னிக்கும் சுத்தம்ணே. உங்க வீட்ல அத என்னதான் பண்ணுனீக?" அவர் மனைவி என் மனைவியிடம், "எம்புட்டுச் சமத்துக்கா! இங்கனயே இருந்துக்கிறட்டுமே," என்றாள். என் மனைவி விறுவிறுவென்று உள்ளே வந்துவிட்டாள்.

கொடியில் துணி எடுப்பதுபோல நின்று நான் அடிக்கடி அங்கே பார்த்துக்கொண்டிருந்தேன். என் நாய் அவர் மடியில் மல்லாந்து கிடந்தது. என் மடியில் அது ஒருநாளும் வயிற்றைக் காட்டியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பத்திலிருந்து அவர்களுக்குத் தேங்காய் மூட்டை வந்தது. அதை வராந்தாவில் இறக்கி வைத்தார்கள். நாய் ஓடிப்போய் மோந்தது, ஒரு சுற்றுச் சுற்றியது, மூட்டையின் ஓரத்தில் நிதானமாக நனைத்தது. "ஐயையோ!" என்று அந்தம்மா அலறினாள். எனக்கு வந்த சந்தோஷம் சம்பள உயர்வுக்குக்கூட வந்ததில்லை. அப்போது நாய் நிமிர்ந்து, சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற என் முகத்தைப் பார்த்தது. தடவிக்கொடுப்பேன் என்று காத்திருந்தது.

அது எதையும் மறக்கவில்லை. சாக்கில் போகச் சொன்னேன். எங்கே சாக்கைப் பார்த்தாலும் போயிற்று. வருஷா வருஷம் வீட்டுக்குள் சாக்கு மூட்டை வரும் ஊரில், சாக்கை விரித்துப் பழக்கியவன் நான்.

அந்த வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்ப நாய் பாஸுண்ணே. வாத்தியாருதான் பெயிலு."

"நாயைக் கொடுங்க, போறேன்."

"எதுக்குண்ணே? எங்களுக்கு ஒரு மூட்ட, உள்ள தூக்கி வச்சா முடிஞ்சது. நீங்க அம்புட்டு மூட்டையவும் எங்கன கொண்டுபோய் வப்பீக?"

நியாயமான கேள்விதான். அதனாலேயே எரிச்சல் அதிகமானது. "தகர டிரம்முல கொட்டுறோம்," என்று வாசலிலிருந்து குரல் வந்தது. மனைவி எனக்குப் பின்னாலேயே வந்திருந்தாள். அந்தம்மா நாயை மார்போடு ஒருமுறை அணைத்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தாள். திரும்பி நடக்கையில் அது என் தோளுக்கு மேலாக அந்த வராந்தாவையே பார்த்து வாலாட்டியது. முகத்தைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். அது மறுபடி அங்கே திரும்பியது.

அன்றைக்கே நெல்லை டிரம்களில் கொட்டினோம். சாக்குகளை மாமனார் ஊருக்கே அனுப்பினோம். நாய் பழையபடி கதவைப் பிறாண்டி வெளியே போகத் தொடங்கியது. மாமனார் வந்து, டிரம்மைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, காபி கேட்டார்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரருடைய சைக்கிள் மணி கேட்டால் மட்டும் நாய் என் காலடியிலிருந்து எழுந்து சுவரோரம் ஓடும். அவர் எட்டிப் பார்த்து, "என்ன மாப்ளே, சாப்டாச்சா?" என்று நாயைக் கேட்பார்.

"சாப்டாச்சு," என்று நான்தான் பதில் சொல்வேன்.